பன்னிரண்டு இருபதுக்கு வரவேண்டிய நிலா

ஆலையில் அவரை எல்லோரும் ராக்கோழி என்றுதான் கூப்பிட்டார்கள். காகித ஆலையின் பாய்லரை முப்பத்தொரு வருடம் ராத்திரி ஷிப்டில் ஓட்டிய மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? படிப்பு ஆறாம் வகுப்பு, அதுவும் பாதி. கரி அள்ளிப் போடும் ஆளாக உள்ளே நுழைந்தவர், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்று, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. டிப்ளமா முடித்து வந்த சூப்பர்வைசர்கள் மீட்டரைப் பார்த்து அழுத்தம் சொல்வார்கள். இவர் குழாய் போடும் சத்தத்தைக் கேட்டுச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மீட்டரைத்தான் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். கதைக்காகச் சொல்லவில்லை, அந்த ஆலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியும் ராத்திரியில் தூங்கத் தெரியாமல் தவித்தார்.

வேலை நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. ராத்திரி பத்து மணி அடித்தால் கண் பளிச்சென்று விழித்துக்கொள்ளும். காலை ஆறு மணிக்குக் கொட்டாவி வரும். அவர் மனைவிக்கோ ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் வேலை. வாரத்தில் ஆறு நாள், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, நின்றபடியே. ஒன்பதரைக்குத் தலையணையில் தலை வைத்தால் எழுந்திருப்பது ஐந்தரைக்கு. கல்யாணமான நாள் முதல் இப்படித்தான். இவர் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். குடும்பம் நடத்தியதெல்லாம் வாசல்படியில்தான். அப்படியும் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்றால் அது சாதனைதான்.

வீடு இரண்டே அறை, மாடியில். ஒரு அறையில் அவள் தூங்குவாள். இன்னொரு அறையில் இவர் விழித்திருப்பார். இருமினாலும் கேட்கும், தண்ணீர் குடித்தாலும் கேட்கும். அதனால் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்தார். அப்படி நடக்கும்போதுதான் ஒருநாள் ஊருக்கு வெளியே குடிதண்ணீர்த் தொட்டி இருக்கிற குன்றின் மேல் பெரிய நிலா எழுவதைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் ராத்திரியெல்லாம் விழித்திருந்தும் நிலாவைப் பார்த்ததில்லை. பாய்லர் அறைக்கு ஜன்னல் கிடையாது.

அந்த வாரம் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையிடம் ஒரு கேமரா உண்டு, நீளமான லென்ஸ் வைத்தது. வாங்கிய புதிதில் நாலு பறவையை எடுத்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டார்.

"மாப்ள, அந்தக் குன்று மேல நிலா வருது பாருங்க, அதுல ஒரு ஆளை நிக்க வெச்சு எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் மாமா. ஆனா சும்மா போய் நின்னா கிடைக்காது. நிலா எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்துல எழும், நாம எங்க நிக்கணும்னு முதல்லயே கணக்குப் போடணும். அதுக்கு மொபைல்ல ஆப் இருக்கு."

"போட்டுக் குடுங்க."

மாப்பிள்ளை சிரித்தார். "முழுக்க இங்கிலீஷ் மாமா. டிகிரி, கோணம், உயரம்னு வரும். எனக்கே தலை சுத்திச்சு. உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

"நீங்க போட்டு மட்டும் குடுங்க மாப்ள. தலை சுத்துறதை நான் பாத்துக்கறேன்."

பெண் குறுக்கே புகுந்தாள். "அப்பாகிட்ட அப்படிச் சொன்னீங்கன்னா போச்சு. இனிமே அந்த போனைக் கீழ வைக்க மாட்டாரு."

அவள் சொன்னதுதான் நடந்தது. ஆப்போடு, கேமராவையும் அதை நிறுத்தும் முக்காலியையும் மாப்பிள்ளை விட்டுப் போனார். மூன்று மாதம் அந்த ஆப்போடு மல்லுக்கட்டினார். திறந்தால் ஊரின் வரைபடம் வரும். கறுப்பு முள் ஒன்று, சிவப்பு முள் ஒன்று. கறுப்பு முள் கேமரா நிற்கும் இடம், சிவப்பு முள் படத்தில் வரவேண்டிய பொருள் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. கறுப்பு முள்ளிலிருந்து கோடுகள் புறப்படும். மஞ்சள் கோடு சூரியன், நீலக் கோடு நிலா. அடர்நீலம் எழும் திசை, வெளிர்நீலம் மறையும் திசை. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படிக்க அவர் மெனக்கெடவில்லை. பாய்லரில் எந்த வால்வைத் திருகினால் எந்த முள் அசைகிறது என்று பார்த்தது போல, ஒவ்வொன்றாக அமுக்கி எது நகர்கிறது என்று பார்த்து, நாற்பது பக்க நோட்டில் படமாக வரைந்து வைத்தார்.

முதல் நாள் போய் ஏமாந்தார். ஆப் எட்டு மணி என்றது, நிலா எட்டு இருபத்தைந்துக்குத்தான் தலை காட்டியது. ஆப் சொல்வது சமதரையில் எழும் நேரம், குன்று மறைத்தால் நிலா அதைத் தாண்டி ஏற வேண்டும் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. மறுவாரமே குன்றின் உயரத்தைச் சேர்த்துக் கணக்குப் போடும் இடத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். இன்னொரு நாள் படமெல்லாம் கலங்கல். தூரத்து விளக்கைப் பார்த்துக் கையாலேயே தெளிவைச் சரிசெய்து, விரல் பட்டு அதிராமல் இரண்டு வினாடி கழித்துத் தானே எடுக்கும்படி வைக்கக் கற்றுக்கொண்டார். நாலாம் தடவை, தொட்டியின் மேல் நிலா குடம் மாதிரி உட்கார்ந்திருக்கும் படம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு அனுப்பினார். "மாமா, இது நீங்க எடுத்ததா?" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியைக் கீழ்வீட்டுக்காரர், பால்காரர், மருந்துக் கடைக்காரர் என்று ஒருத்தர் விடாமல் காட்டினார். காட்டினால் என்ன? சம்பாதித்ததுதானே.

ஆனால் படத்தில் ஆள் இல்லை. நிலா மட்டும் என்றால் அது காலண்டரிலேயே இருக்கிறது. நிற்க வேண்டிய ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

வீட்டிலோ நிலைமை முற்றியது. ஒருநாள் இவர் முக்காலியோடு வந்து கதவைத் திறக்க, அவள் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மணி என்ன?"

"ரெண்டே கால்."

"நேரம் கேக்கலை. உங்களுக்கே தெரியுதான்னு கேட்டேன்."

"சத்தம் போடாமதானே வந்தேன்."

"நீங்க சத்தம் போடாம வர்றீங்கன்னு முழிச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கேங்க நான். இன்னும் வரலையே, எங்க விழுந்தாரோன்னு. நேத்து வேலையில ரெண்டு தடவை கண்ணு சொக்கிடுச்சு. அது துணி வெட்டுற மெஷினு. விரலு வந்தாலும் துணின்னுதான் நினைக்கும்."

குளிர்சாதனப் பெட்டியின் மேல் டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை அட்டை கிடந்தது. ஒரே ஒரு மாத்திரை குறைந்திருந்தது. அதைப் போட்ட மறுநாள் முழுக்கத் தலைக்குள் ஈரத்துணியைத் திணித்த மாதிரி இருந்தது அவருக்கு. அதற்குப் பிறகு தொடவில்லை.

"ஒரு ராத்திரி நானும் வர்றேன்" என்றாள். "அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன். நல்லா இருந்துச்சுன்னா நான் வாயைத் திறக்கல, நீங்க போங்க வாங்க. ஒன்னும் இல்லேன்னா மறுநாள்லேருந்து மாத்திரையைப் போட்டுட்டு மனுஷன் மாதிரி படுக்கணும். சரியா?"

"சரி. நீ குன்று மேல நிக்கணும். கீழேருந்து நான் எடுப்பேன்."

"நிக்கணுமா? நாள் பூரா நிக்கறது போதாதா?"

"ரெண்டு நிமிஷம்."

"சனிக்கிழமை ராத்திரிதான் முடியும். ஞாயித்துக்கிழமைதான் எனக்கு லீவு."

மறுநாளே ஆப்பில் தேடினார். வரவிருக்கும் ஆறு மாதத்தில், கறுப்பு முள்ளிலிருந்து பார்த்தால் சிவப்பு முள்ளுக்குப் பின்னால் நிலா வரும் நாட்களை அது வரிசையாகக் கொடுத்தது. ஏழே நாட்கள். அதில் சனிக்கிழமை ஒன்றே ஒன்று. சனி, நள்ளிரவு பன்னிரண்டு இருபது. தேய்ந்து பாதியான நிலா, மல்லாந்து கிடக்கும் கிண்ணம் போல எழும். ஒன்றேகால் கிலோமீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் அவளைப்போல் மூன்று மடங்கு உயரம் இருக்கும். கிண்ணத்துக்குள் அவள். கணக்கைப் பத்துத் தடவை சரிபார்த்தார். மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. கேட்பாரா அவர்?

குன்றின் தொட்டிக்குக் காவலாளியாக இருந்தவர் ஆலையில் இவரோடு கரி அள்ளியவர். துணைக்கு ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில், சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு மனைவியை ஸ்கூட்டரில் மேலே கொண்டுபோய்விட்டார். அவள் வேலை முடித்து வந்து, துணி துவைத்து, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"என்னக்கா, ராக்கோழி உங்களையும் கூட்டிட்டு வந்துட்டாரா?" என்று காவலாளி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஆமாங்க. ஒரு வீட்டுக்கு ஒன்னு போதாதாம்."

விளிம்பில் ஒரு பாறையைக் காட்டி, "பன்னண்டு பதினெட்டுக்கு இதுல ஏறி நில்லு. அசையாத. போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கீழே தரிசில் ஏற்கெனவே கல் வைத்து அடையாளம் பண்ணிய இடத்தில் முக்காலியை ஊன்றினார். லென்ஸில் பார்த்தார். பாறை தெரிந்தது. அதன்மேல் டார்ச் வெளிச்சம் ஒருமுறை அசைந்து அணைந்தது. எல்லாம் சரி.

பன்னிரண்டு பதினெட்டு. போன் செய்தார். அவள் ஏறி நின்றாள்.

பன்னிரண்டு இருபது. குன்றுக்குப் பின்னால் கருப்பு.

பன்னிரண்டு இருபத்தைந்து. உயரக் கணக்கில் பிசகோ? ஆனால் தொட்டிப் படம் சரியாக வந்ததே. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

"என்னங்க, வந்துருச்சா? எனக்குப் பின்னாடி ஒன்னும் தெரியலையே" என்றாள் போனில்.

"இரு, வரும்."

"கால் வலிக்குதுங்க."

"ரெண்டே நிமிஷம்."

"அந்த ரெண்டு நிமிஷம் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு ஆப்பைத் திறந்தார். மேலே சனி என்று இருந்தது, பன்னிரண்டு இருபது என்று இருந்தது. தான் சரி என்றுதான் அதுவும் சொன்னது. என்ன செய்வதென்று தெரியாமல், 'இந்த நேரம்' என்று காட்டும் பொத்தானை அமுக்கினார். நீலக் கோடு துள்ளிக்கொண்டு இடது பக்கம் தள்ளிப் போய் நின்றது. நிலா இன்னும் குன்றுக்குக் கீழேயே இருந்தது. மேலே சனி போய் ஞாயிறு வந்திருந்தது.

ஆப்பை மூடி மறுபடி திறந்தார். ஞாயிறுதான்.

ஆலையில் ராத்திரி ஷிப்டு பத்து மணிக்கு ஏறி காலை ஆறுக்கு இறங்கும். பதிவேட்டில் அதற்கு ஒரே நாள்தான், ஏறிய நாள். சனிக்கிழமை பத்து மணிக்கு ஏறினால் ஞாயிறு விடிகிற வரைக்கும் சனிக்கிழமைதான். கூலி அப்படி, லீவு அப்படி, வெடித்த குழாயை எழுதுவதும் அப்படி. முப்பத்தொரு வருடம் அவர் நடுராத்திரியில் நாளை மாற்றியதே இல்லை. ஆப்போ பன்னிரண்டு அடித்ததும் நாளைக் கிழித்துவிடுகிறது. அது சொன்ன சனிக்கிழமை பன்னிரண்டு இருபது, நேற்று ராத்திரியே வந்து போயிற்று. இதுவரை அவர் எடுத்த நிலாவெல்லாம் பதினொரு மணிக்குள் எழுந்தவை. அதனால் இது கண்ணில் படவேயில்லை. நிலா ஒரு நாளில் ஐம்பது நிமிடம் பிந்தும், பக்கவாட்டிலும் நகரும். இன்றைக்கு ஒன்று பத்துக்கு வரும். அவளுக்குப் பின்னால் வராது, நூறு மீட்டர் தள்ளி வரும்.

அவளை நகர்த்தலாம் என்றால் அந்தப் பக்கம் வெறும் பள்ளம். நகர வேண்டியது கறுப்பு முள். வரைபடத்தில் அதை வலது பக்கம் இழுத்துப் பார்த்தார். நூறு மீட்டர். முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். உழுத கட்டி, முட்செடி. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. அறுபது மீட்டர் போனதும் வாய்க்கால். வரைபடத்தில் மெல்லிய கோடாகக் கிடந்தது, நேரில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. பாலம் எங்கே என்று இரண்டு பக்கமும் டார்ச் அடித்தார். கண்ணுக்கெட்டிய வரை இல்லை. முப்பது வயதாக இருந்தால் கேமராவைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கியிருப்பார். கரையிலேயே முக்காலியை ஊன்றிவிட்டு அப்படியே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

போன் அடித்தது.

"எங்க போனீங்க? டார்ச்சு எங்கெங்கயோ போகுது."

வாய்க்குள் பொய் ஒன்று தயாராக இருந்தது. ஆப் கோளாறு, மாப்பிள்ளை சரியாகப் போட்டுக் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள். மாத்திரை அட்டை கண் முன் வந்தது. ஆனால் இந்த மனிதர் முப்பத்தொரு வருடத்தில் பாய்லர் பதிவேட்டில் பொய்யாக ஒரு எண் எழுதியவரில்லை.

"நாளை மாத்திட்டேன்" என்றார்.

"என்னது?"

"நேத்து வந்திருக்கணும். வெள்ளிக்கிழமை ஷிப்டு. ஆப்புல சனின்னு போட்டிருந்துச்சு, நான் சனிக்கிழமை ராத்திரின்னு எடுத்துக்கிட்டேன். பன்னண்டுக்கு மேல நாளு மாறிடுமாம்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கி அடக்கி, கடைசியில் இருமல் வருகிற மாதிரி.

"ஏங்க, இதை என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! உங்க சனிக்கிழமை என்னைக்குங்க எனக்குச் சனிக்கிழமையா இருந்துச்சு? பொண்ணு பொறந்தப்போ புதன்கிழமை விடிகாலை மூணு மணிக்குப் பொறந்தான்னு ஆஸ்பத்திரியில எழுதிட்டாங்க. நீங்க செவ்வாக்கிழமைன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. அவ பள்ளிக்கூடத்துல சேர்க்குற வரைக்கும் அடிச்சுக்கிட்டோமே."

"அது செவ்வாய் ஷிப்டுதான்."

"பாத்தீங்களா, இன்னும் விடல."

அதன் பிறகும் அவள் போனை வைக்கவில்லை. நிலா வரும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். கம்பெனியில் புதிதாக வந்த மேஸ்திரி, கணுக்கால் வலி, காவலாளி உட்கார்ந்தபடியே குறட்டை விடுவது. நடுராத்திரியில் அவளுடைய குரல் இப்படித்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. பதில் சொல்லத் தெம்பில்லாமல் உம் கொட்டிக்கொண்டே கேட்டார்.

ஒன்று பத்துக்கு நிலா எழுந்தது. அழுக்கு மஞ்சளில், மல்லாந்த கிண்ணமாக, கணக்குப் போட்ட நொடியில். அவளுக்குப் பின்னால் இல்லை, நாற்பது மீட்டர் இடது பக்கமாக. ஏறி நில் என்று சொல்ல மனம் வரவில்லை. இருந்தபடிக்கு ஒன்பது படம் எடுத்தார்.

இரண்டு மணிக்கு மேலே போனார். நின்றபடியே கேமராவின் பின்பக்கத்தில் காட்டினார். ஒரு பக்கம் நிலா. இன்னொரு பக்கம் வானத்தின் வெளுப்பில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் காதில் கையை வைத்துக் குனிந்து உட்கார்ந்த ஒரு சின்னக் கருப்பு உருவம்.

"இது நானா? எறும்பு போன் பேசுற மாதிரி இருக்கு."

"தப்பான படம். நிலா உனக்குப் பின்னாடி வந்திருக்கணும்." லென்ஸ் மூடியைப் போட்டார். "தோத்துட்டேன். நாளையிலேருந்து மாத்திரை போட்டுக்கறேன்."

அவர் வாக்கு மாறுகிறவரில்லை என்று அவளுக்குத் தெரியும். குனிந்து செருப்பின் வாரை மாட்டினாள்.

"போட்டுக்கோங்க. நானும் தூங்கணும். மாசத்துல ஒரு ராத்திரி மட்டும் மாத்திரை வேணாம்."

"எந்த ராத்திரி?"

"அதை நான் பாத்துச் சொல்றேன். முள்ளு, கோடு எல்லாம் நீங்க வெச்சுக்கோங்க. நாள் பாக்குற வேலை இனிமே உங்களுக்கு வேணாம்."

"இங்கிலீஷ்ல இருக்கும்."

"வாரத்துக்கு ஏழு நாளு. அதைப் படிக்க மாட்டேனா? உங்க மாப்பிள்ளை கிட்டக் கேட்டாவது படிச்சுக்கறேன்."

"அவர்கிட்டயா!"

"வண்டியை எடுங்க."

அவர் வண்டியை எடுத்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தவள் முக்காலியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு தலையை அவர் முதுகில் சாய்த்தாள். இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக ஓட்டினார்.

"தூங்கிடாத" என்றார்.

"நீங்க தூங்காம ஓட்டுங்க" என்றாள்.